தீவகத்துக்கு ஒரு விருந்தாளி வந்தால்...

பேர்பெற்ற சமையற்காரர்களை அவர்களது சொந்த ஊருக்கே அழைத்துச் சென்று, "சிறுவயதில் எங்கே சாப்பிட்டீர்கள்? எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டுப் படம் பிடிப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த அந்தோனி போர்டெய்ன் 2017ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் வந்து, ஒரு வீட்டில் நண்டுக்கறி சாப்பிட்டார். 1990இல் நின்றுபோன அந்த ரயில் யாழ்ப்பாண நகரை மீண்டும் எட்டியதே 2014ஆம் ஆண்டில்தான். அவர் வந்துபோன மறுவருடமே காலமானார்.

எம்மவரிலும் பேர் பெற்றோர் இருக்கின்றனர். நியூயோர்க் நகரில் ஒரு பூங்கா ஓரத்தில் தள்ளுவண்டி வைத்துத் தோசை சுட்ட யாழ்ப்பாணத்தவர் திரு குமார், அந்நகரத் தெருச் சமையற்காரருக்கான விருதை 2007இல் பெற்றார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த சிந்தியா சண்முகலிங்கம் 2023இல் லண்டனில் ஓர் உணவகம் திறந்தார். அதே ஆண்டு பாரிஸ் நகரின் மிகச் சிறந்த பாண் எதுவென்று நடத்தப்பட்ட போட்டியில் முதலிடம் பெற்று, பிரெஞ்சு சனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் உரிமையைப் பெற்றவர் தர்ஷன் செல்வராஜா என்னும் இலங்கைத் தமிழர்.

இவர்கள் தீவகத்தார் என்று நாம் உரிமை கொண்டாட வரவில்லை. ஆனால் சுவிஸிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கி, இன்று அடுப்படியில் நிற்கும் எம் பிள்ளைகளில் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, அனலைதீவு ஊரவர் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் நாளை ஊர் வந்து, "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எங்கடை இடங்களிலே சாப்பிட வேணும்" என்றால் எங்கே கூட்டிச் செல்வது? இந்தக் கேள்வியோடுதான் ஆடிப்பிறப்புக்கு அடுத்த கிழமை நாம் தீவகம் புறப்பட்டோம். எம்முடன் 1990இலும் 1991இலும் தீவகத்தை விட்டு வெளியேறி இன்று கிளிநொச்சியிலும் குடாநாட்டிலும் வாழ்கின்ற விவசாயக் குடும்பத்தவர் சிலரும் வந்தனர். அவர்களில் இருவர் தமது காணியைப் பார்த்துப் பதினைந்து வருடமாகிறது.

பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுச் சந்தி தாண்டினால் அல்லைப்பிட்டி. இங்கே சாப்பாட்டுக்கு எவரும் இறங்குவதில்லை. நாம் இறங்கினோம். 2006 ஆகஸ்ட் மாதம் இவ்வூரின் பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அடுத்த வாரத்தில், ஆகஸ்ட் 20ஆம் திகதி, பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற் போனார். இன்றுவரை அவரைப் பற்றிய முடிவு தெரியாது. ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் இந்த ஆலயத்தைக் காட்டாமல் போகக்கூடாது என்பது எமது எண்ணம். சிறிது நேரம் நின்று செபித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

மண்கும்பான் மணலும் சாட்டிக் கடற்கரையும் வழியில் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டியில் குளிக்க நகரத்திலிருந்து சனம் வருகிறது. சிந்தாத்திரை மாதாவின் ஆலயமும் இங்கேதான். ஆனால் விவசாயிகளாகிய எமக்குச் சாட்டியின் பெருமை கடலில் இல்லை, மணலில் இருக்கிறது. மணலுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர் நல்ல தண்ணீர். சுற்றியுள்ள கிராமங்களுக்கு அது உயிர். மணலை அள்ளி விற்கும்போது தண்ணீரையும் சேர்த்துத்தான் விற்கிறோம்.

புங்குடுதீவின் அந்தத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையாகக் கடைகள். வடை, றோல்ஸ், பிளேன்ரீ, கருவாடு, புழுக்கொடியல், பனையோலைப் பெட்டி. தீவகத்தில் இன்று கூடுதலான பணம் கைமாறும் இடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். 2009இன் பின்னர் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் நாகதீப விகாரைக்கு வருகின்றனர். அவர்களிற் பலர் சோற்றுப் பார்சலையும் தாமே கட்டிக்கொண்டு வருகிறார்கள். திரும்பிப் போகும்போது பிள்ளைகளுக்கு என்னவாவது வாங்குகிறார்கள். நாம் நின்ற கடையில் ஓலைப்பெட்டி நன்றாக விலைப்பட்டது. பெட்டி எங்கே இழைத்ததென்று கேட்டோம். பெருநிலத்திலிருந்து வருகிறதாம். பனை நிறைந்த தீவில், பனையோலைப் பெட்டி வெளியிலிருந்து! கடைக்காரர் வெட்கப்படவில்லை. "இழைக்கிற ஆக்கள் இஞ்சை எங்கை, ஐயா? எல்லாரும் போட்டினம்" என்றார்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடமளவில் போகலாம். சோளகக் காற்றில் அன்று படகு நன்றாக ஆடியது. பேர்பெற்ற எந்தச் சமையற்காரர் வந்தாலும் நாம் முதலில் கூட்டிப் போகிற சாப்பாட்டிடம் இங்கேதான் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருவோருக்கு மதியச் சோறிடும் அமுதசுரபி அன்னதான மண்டபத்தைச் சொல்கிறோம். ஒரு கத்தோலிக்கத் திருச்சபையின் ஏடு சைவக் கோயிலின் சோற்றைப் பாராட்டுகிறதே என்று எவரும் எண்ண வேண்டாம். எமது வாசகர்களிற் பலர் அந்தப் பந்தியில் இருந்து எழுந்தவர்களே.

நீண்ட மண்டபம். நிலத்தில் வரிசையாக இருக்கவேண்டும். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, சாம்பார் போலொரு குழம்பு, ரசம், மோர். உப்பும் புளியும் அளவாக இருந்தன. பெரிய கிடாரத்தில் ஆக்குகிற சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் வருவது எளிதான காரியமல்ல. எமக்கு அருகே கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், அதற்கப்பால் தலையில் கருவாட்டுப் பெட்டி சுமந்து வந்த ஒரு அம்மா, அடுத்து விகாரையைத் தரிசித்துவிட்டு வந்த சிங்கள இளைஞர் இருவர். பரிமாறிய பெரியவர் ஒருவருக்கும் ஒரு கரண்டி கூட்டியோ குறைத்தோ போடவில்லை. எம்முடன் வந்த பெண்மணி ஒருவர், "இன்னுங் கொஞ்சம் போடட்டே பிள்ளை?" என்று அவர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். இடப்பெயர்வில், ஒரு பாடசாலைக் கட்டடத்தில், பாண் துண்டுக்கு வரிசையில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தனவாம். "அங்கையும் சாப்பாடு தந்தவைதான். ஆனா இருங்கோ எண்டு ஒருதரும் சொல்லேல்லை" என்றார். நிவாரணம் வழங்கும் எம்மைப் போன்றவர்கள் கேட்டு வைக்கவேண்டிய சொல்.

நயினாதீவில் அம்மன் கோயிலும் விகாரையும் சிறிது நடை தூரத்தில் இருக்கின்றன. பிறகு கரைக்கு வந்து, காற்றில் இருந்து தேத்தண்ணீர் குடித்தால் அத்தீவு முடிந்தது. விருந்தாளிக்கு மிகுதி நேரத்தை நெடுந்தீவில் கொடுக்கவேண்டும்.

நெடுந்தீவுக்குப் படகு ஒரு மணித்தியாலமளவில் செல்லும். இக்கடலில் போகும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 1985 மே 15ஆம் திகதி இதே வழியில் வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கைக்குழந்தையும் தப்பவில்லை. பின்னாளில் வடதாரகை, நெடுந்தாரகை என்று வேறு படகுகள் வந்தன. ஆயினும் தீவு மக்கள் படகு என்றால் முதலில் குமுதினியைத்தான் சொல்வார்கள்.

ஒல்லாந்தர் எமது தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தமது நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம். எல்லாம் காற்றோடு போயின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. பார்க்கவேண்டியவை என்று எல்லாரும் சொல்வன இங்கே உண்டு: முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, வயிறு பெருத்த பெருக்குமரம், திறந்த வெளியில் திரியும் குதிரைகள். குதிரைகளைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர் என்பர். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் வளர்த்தனர். வரட்சியில் முதலில் சாகிறவை அவையும் மாடுகளுமே. படம் பிடிக்க வருகிறவர்கள் குதிரையைத் தேடி ஓடுகிறார்கள். நாம் விருந்தாளிக்குக் காட்ட விரும்புவது வேலிகளை.

சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. நிலத்தைப் பண்படுத்தும்போது வெளிப்படும் முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்று பொருத்தி அடுக்கிய வேலி. ஒரு வேலையில் இரண்டு பயன்: காணியில் கல் குறைகிறது, வேலி உயர்கிறது. மரமும் கிடுகும் அருமையான தீவில் இதைவிட மலிவான வேலி வேறில்லை. பல இடங்களில் அது சரிந்து கிடக்கிறது. ஆட்கள் போனதும் அடுக்கித் திருத்த ஆளில்லை. வேலி விழுந்த காணிக்குள் கட்டாக்காலி மாடு புகுந்தால் பயிர் மிஞ்சாது. மீளக் குடியேறிய ஒருவர் முதல் ஆறு மாதமும் வீட்டைப் பாராமல் வேலியையே அடுக்கினாராம். அயலவர் சிரித்தார்களாம். அந்த மாரியில் அவருடைய சாமையும் பயறும் மட்டும் தப்பின.

நெடுந்தீவில் வந்தவுடன் போய் இருந்து சாப்பிட நல்ல கடையை எதிர்பார்க்க வேண்டாம். முதல் நாளே யாரிடமாவது சொல்லிவைக்கவேண்டும். அப்படிச் சொல்லிவைத்த வீட்டில் எமக்குக் கிடைத்தது: ஒடியற்பிட்டு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை, கட்டித் தயிர். தீவின் பாலும் நெய்யும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணச் சந்தையில் பேர்போனவை. அந்தத் தயிரைச் சாப்பிட்டபின் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. புல்லும் பூண்டும் மேய்ந்த மாட்டின் பால். வீட்டுக்காரர் சாப்பாட்டுக்குக் காசு வாங்க முதலில் மறுத்தார். "விருந்துக்கு வந்த ஆக்களிட்டைக் காசு வாங்கிறதோ?" என்றார். வாங்கத்தான் வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். ஊருக்கு வருவோருக்கு வீட்டுச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது பெண்களுக்கு நல்ல வருமானமாகக்கூடும். ஆனால் விருந்தோம்பல் வேறு, தொழில் வேறு என்று பிரித்துக்கொள்ள எம்மவர் கூச்சப்படுகிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி, ஒரு விலையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் அந்தக் கூச்சம் போகும்.

நெடுந்தீவுக்கும் அப்பால் கச்சதீவு. மனிதர் குடியிருப்பதில்லை, குடிதண்ணீரும் இல்லை. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கைக்குரியது. தவக்காலத்தில் வரும் புனித அந்தோனியார் திருநாளுக்கு இரு நாட்டு யாத்திரிகரும் கூடுவர்; 2016இல் கட்டி முடிந்த புது ஆலயம் உண்டு. ஒருவர் கட்டிவந்த சோற்றை மற்றவரோடு பகிர்ந்து உண்பதே அங்கே விருந்து. ஆனால் மறுநாளே இழுவைமடி வள்ளங்களின் பிரச்சினை தொடங்கிவிடும். இலங்கையில் 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தனர். கடலின் அடியை வழித்து அள்ளுகிற வலை நிற்கவில்லை. கூழுக்குப் போடும் சிறு மீன் அந்த அடியில்தான் வளர்கிறது.

ஊர்காவற்றுறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். யானைகளை ஏற்றி அனுப்பிய துறை என்பதால் போர்த்துக்கேயர் இட்ட பெயரே ஆங்கிலத்தில் கயிற்ஸ் ஆனது. பக்கத்திலுள்ள கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர் தமிழ்த் தூது தனிநாயகம் அடிகளார். துறைக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது கடற்கோட்டை. 1971இல் றோகண விஜேவீர சிறைவைக்கப்பட்ட இடம். இப்போது கடற்படை அங்கே ஹோட்டல் நடத்துகிறது. தீவகத்தில் வெள்ளை மேசைவிரிப்புப் போட்டுச் சாப்பிடக் கூடிய இடம் வேண்டுமென்று விருந்தாளி கேட்டால் அதைக் காட்டலாம். நாம் துறையில் நின்று பார்த்துவிட்டு, காரைநகர்ப் 'பாதை' ஒருதரம் போய்த் திரும்பும்வரை இருந்தோம். மிதக்கும் தட்டில் சைக்கிளும் ஆடும் மனிதரும் ஒன்றாகக் கடலைக் கடக்கும் காட்சிக்குக் காசு வேண்டியதில்லை.

இனி வேலணை. இங்கே, ஊர் திரும்பிய ஓர் ஆச்சியின் வளவில், வேப்பமரத்தின் கீழ் நாம் கூழ் காய்ச்சினோம். கூழை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது. பத்துப் பேராவது வேண்டும். ஆச்சி ஆக்கள் இல்லாதபடியால் ஐந்து வருடமாகக் கூழ் காய்ச்சவில்லையாம்.

"ஒடியல் மா கடையிலை வாங்கினதோ, பிள்ளை?" என்று முதலில் கேட்டார்.

"ஓம் ஆச்சி, ரவுணிலை."

முகர்ந்து பார்த்தார். "பழசு" என்றார். ஆனாலும் விடவில்லை. மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் ஊறவிட்டார். இதை இளம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். ஒடியல் மாவை ஊறவிட்டுத் தண்ணீர் மாற்றாமல் சமைக்கக்கூடாது. கைப்பு மாத்திரமல்ல, உடம்புக்கும் ஆகாது. பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, பயற்றங்காய். அவை பாதி வெந்ததும் மீன்தலை, நண்டு, றால், கணவாய். செத்தல்மிளகாயும் மஞ்சளும் உப்பும் அரைத்த கூட்டு, பிறகு பழப்புளி. கடைசியாக ஊறிய மாவைக் கரைத்து விட்டு, அடிப்பிடியாமல் துளாவிக்கொண்டே இருக்கவேண்டும். இறக்குமுன் முருங்கையிலை. குடிப்பதற்குப் பனையோலைப் பிளா கோலித் தந்தவர், எம்முடன் வந்த கிளிநொச்சிக்காரர். முப்பது வருடமாகக் கை மறக்கவில்லை.

காய்ச்சும்போது ஒரு கணக்குப் பார்த்தோம். பானைக்குள் போன சாமான்களில் வேலணை மண்ணில் விளைந்தது முருங்கையிலையும் பயற்றங்காயும் மட்டுமே. நண்டும் றாலும் எமது பரவைக்கடலில் பிடித்தவை. மிளகாய் பொதியில் வந்தது, மரவள்ளி குடாநாட்டிலிருந்து வந்தது, மாவும் அப்படியே. முந்திய காலத்தில் பலாக்கொட்டையையும் புளியையும் தவிர எல்லாம் படலைக்குள்ளேயே இருந்தன என்றார் ஆச்சி.

ஏன் மிளகாய் வைப்பதில்லை என்று கேட்டபோது எழுந்து கிணற்றடிக்குக் கூட்டிச் சென்றார். தண்ணீரை வாயில் விட்டால் உவர். தீவுகளின் அடியில் சுண்ணக்கல். அதன் துளைகளில் மழைத்தண்ணீர் இறங்கி, கனமான கடல்தண்ணீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. துலாவிலோ பட்டையிலோ மெல்ல இறைத்தால் மேற்படை மட்டும் வரும். இயந்திரம் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறும். ஏறினால் இறங்க நெடுநாள் எடுக்கும். ஆச்சி வராத காலத்தில் யாரோ பக்கத்துக் காணியில் புகையிலைக்கு மெசின் வைத்து இறைத்திருக்கிறார்கள். காணிக்குத் திரும்ப எண்ணுகிற குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுமுன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். மாரி முடிந்தவுடன் ஒருமுறையும், ஆடி ஆவணியில் ஒருமுறையும் பார்க்கவேண்டும். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். உவரேறிய கிணற்றை இறைக்காமல் இரண்டு மூன்று மாரி விட்டு, வயல்வாய்க்காலையும் குளத்தையும் மறித்துத் தண்ணீரை நிலத்துக்குள் இறங்கவிட்டால் தேறுவதுண்டு. பக்கத்துக் காணிக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலிக்கும். ஒரு கிணற்றுக்குத் தனியாக வேலி போட முடியாது.

கரையோரங்களில் இப்போது கடலட்டைப் பண்ணைகள் அடைத்துக் கிடக்கின்றன. சிலருக்கு அதில் வேலையும் வருமானமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சிறகுவலையும் களங்கண்ணியும் போட்டுவந்த சிறு தொழிலாளர், மீன் வரும் வழி அடைபட்டதென்கிறார்கள். கடலட்டை எமது பானைக்குள் ஒருநாளும் வராது, எல்லாம் ஏற்றுமதி. நண்டும் றாலும் வந்துகொண்டிருக்கின்றன.

கூழ் குடித்து முடிய நாலு மணியாயிற்று. பழைய மாவென்று ஆச்சி குறைசொன்ன கூழை அவரே மூன்று பிளா குடித்தார். சுவிஸிலிருந்து சமையற்காரர் வந்தால் கூட்டி வரலாமோ என்று விளையாட்டாகக் கேட்டோம். "கூட்டி வா. ஆனா மாவுக்குத் தையிலை வரச்சொல்லு, கிழங்கு கிண்டிறதுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார்.

பஸ்ஸுக்கு நடக்கும் வழியில், சரவணைப் பக்கத்தில், எம்முடன் வந்த பெண்மணியின் காணி. வீடு இல்லை, கிணற்றுக்கட்டும் மூன்று பனையும் நிற்கின்றன. ஆடியாதலால் பழம் விழத் தொடங்கியிருந்தது. ஐந்து பழம் பொறுக்கினார். இரண்டைப் பிழிந்து பணியாரம் சுட வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். மிச்சத்தைக் கிளிநொச்சி வளவில் விதைப்பதா, இங்கேயே விதைப்பதா என்று சிறிது நேரம் யோசித்தார். பிறகு கிணற்றடியில் இருந்த ஒரு தகரத் துண்டால் மண்ணைக் கிண்டி மூன்றையும் அங்கேயே தாட்டார். பஸ் வந்துவிட்டதென்று நாம் கூப்பிட்டோம். "நில்லுங்கோ, ஆடு கிண்டிப்போடும்" என்று சொல்லி, மேலே நாலு முருகைக்கல்லை அடுக்கிவிட்டு ஓடிவந்தார்.

பண்ணைப் பாலம் வரும்வரை பஸ் முழுவதும் பனம்பழ வாசம்.